என்னைக் கேட்டியாம்மா?

போன மாதம் என் மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வகுப்பாசிரியர் வர அரை மணி நேரம் ஆனது. அதுவரை நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். மார்க் பற்றிய பேச்சு ஐந்து நிமிடம்கூட ஓடவில்லை. மீதி நேரம் முழுக்க ஃபோன்தான். “சாப்பிடும்போதும் கையில அதுதாங்க.” “கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்னதான் பண்ணுதோ.” “நாம எல்லாம் இப்படியா வளர்ந்தோம்?” ஒரு அப்பா, மகளுக்குத் தெரியாமல் அவளுடைய வாட்ஸ்அப்பைத் தன் லேப்டாப்பில் இணைத்து வைத்திருப்பதாகச் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் மெச்சினார்கள். எப்படிச் செய்வது என்று இரண்டு அம்மாக்கள் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அன்று பேசாமல் வந்தது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெற்றோரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். நாம் செய்வது தப்பு. நான் ஒரு கல்லூரியில் சமூகவியல் பாடம் நடத்துகிறேன். இளையவர்கள் இணையத்தில் என்ன செய்கிறார்கள், அங்கே தங்களை எப்படிக் காட்டிக்கொள்கிறார்கள் என்று உலகின் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை வருஷா வருஷம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அப்படியிருந்தும், அந்த அப்பா செய்ததை என் வீட்டில் நானும் செய்திருக்கிறேன். உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு என்ன உரிமை என்று கேட்டால், செய்து பட்டவள் என்ற உரிமை ஒன்றுதான்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாளிலிருந்து சொல்கிறேன். மகளின் மதிப்பெண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குடும்ப குரூப்பில் போட்டேன். ஸ்டேட்டஸிலும் வைத்தேன். 500-க்கு 438. எனக்குப் பெருமை தாங்கவில்லை. குரூப்பில் 64 பேர். பூங்கொத்தும் கைதட்டலுமாகக் கொட்டியது. ஒரு மணி நேரத்தில் ஒரு பெரியப்பா கேட்டார்: “கணக்குல ஏம்மா 71தான்?” அதன் கீழேயே ஒரு அத்தை, தன் பேரன் கணக்கில் 98 என்று போட்டார். மகள் எல்லாவற்றையும் படித்துவிட்டு சமையலறைக்கு வந்தாள். நான் கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். “என் மார்க்கை 64 பேருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டியாம்மா?” என்றாள். கரண்டியைக் கீழே வைக்காமலே, “நல்லதைத்தானே சொன்னேன்” என்றேன். அன்று அவள் கேசரியைத் தொடவில்லை.

யோசித்துப் பார்த்தால், நான் கேட்காமல் செய்தது அது ஒன்று மட்டுமா? பிறந்த மூன்றாம் நாள் தொட்டு அவள் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டுக்கொண்டே இருந்தவள் நான். மொட்டை போட்டபோது அழுத படம், எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய படம், மாறுவேடப் போட்டியில் மீசை ஒட்டிக்கொண்டு பாரதியாராக நின்ற படம். இணையத்தில் அவள் யார் என்ற கதையை அவள் தன் கையால் எழுதத் தொடங்குவதற்கு முன்பே, 13 வருஷக் கதையை நான் எழுதி முடித்துவிட்டேன். நம்மில் எத்தனை பேர் இதைச் செய்யாமல் இருந்திருக்கிறோம்?

பிள்ளைகளுக்கு இது பிடிக்கிறதா என்று ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். 2016-இல் அமெரிக்காவின் வாஷிங்டன், மிச்சிகன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் 249 குடும்பங்களில், பெற்றோரிடமும் 10 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளிடமும் வீட்டில் ஃபோனுக்கும் இணையத்துக்கும் என்னென்ன விதி வேண்டும் என்று விசாரித்தார்கள். தன்னைக் கேட்காமல் தன்னைப் பற்றி வீட்டார் இணையத்தில் போடுவது சங்கடம் தருகிறது என்று சொன்ன பிள்ளைகளின் எண்ணிக்கை, அதே கவலையைச் சொன்ன பெற்றோரைப் போல இரண்டு மடங்கு. விதி பிள்ளைக்குத்தான் வேண்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, நமக்கும் ஒரு விதி வேண்டும் என்று பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். பிரான்சு 2024 பிப்ரவரியில் இதற்காகவே ஒரு சட்டம் கொண்டுவந்தது. பிள்ளையின் படத்தைக் காக்கும் பொறுப்பு தாய், தந்தை இருவருக்கும் உண்டு. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்த முடிவில் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவை எடுக்க நிறுவனங்கள் பெற்றோரின் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது. சம்மதம் கொடுக்கும் அதிகாரம் நம் கையில் இருக்கிறது. பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை.

அடுத்தது, “இவள் வீட்டில் ஒரு மாதிரி, ஃபோனில் ஒரு மாதிரி” என்ற நம் புலம்பல். ஏதோ கள்ளத்தனம் நடப்பதுபோல் பேசுகிறோம். எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1956-இலேயே எழுதிவிட்டார்: மனிதர்கள் ஒவ்வொரு கூட்டத்தின் முன்னும் தங்களை ஒவ்வொரு விதமாகக் காட்டிக்கொள்கிறார்கள், மேடை என்று ஒன்று இருந்தால் மேடைக்குப் பின்புறமும் ஒன்று இருக்கும். கல்யாண மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். மணவறையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்தான் பத்து நிமிடம் முன்பு மணமகள் அறையில் தோழிகளோடு விழுந்து விழுந்து சிரித்தவள். அதைப் பொய் என்று யாராவது சொல்வோமா? அந்த அறைக் கதவை மாமனார் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால்தானே அநாகரிகம் என்போம்?

சமூக ஊடகம் அந்தச் சுவரை இடித்துவிட்டது. தோழி, டீச்சர், மாமா, டியூஷன் பையன், அடுத்த வீட்டுப் பாட்டி எல்லோரும் ஒரே கூடத்தில். யாரை மனதில் வைத்துப் பேசுவது? பெரியவர்களான நமக்கே இது திண்டாட்டம். நான் யார் என்று தேடிக்கொண்டிருக்கும் 15 வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

டானா பாய்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் பல மாநிலங்களில் சுற்றி, பதின்வயதினரோடு உட்கார்ந்து பேசி, 2014-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் பாஸ்டனைச் சேர்ந்த 17 வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். காதல் முறிந்து மனம் உடைந்து கிடக்கிறாள். தோழிகளிடம் சொல்ல வேண்டும். ஆனால் ஃபேஸ்புக்கில் அம்மாவும் இருக்கிறார். எதைப் போட்டாலும் பதறிப்போவார். அந்தப் பெண் ஒரு பழைய ஆங்கிலப் படத்தின் உற்சாகமான பாட்டு வரியைப் போட்டாள். மகள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று அம்மா கீழே மகிழ்ச்சியாக எழுதினார். தோழிகளுக்கோ அந்தப் படம் தெரியும். அதில் அந்தப் பாட்டு சிலுவையில் அறையப்பட்டவர்கள் பாடுவது. உடனே “என்னாச்சு?” என்று அவளுக்குத் தனியே செய்தி அனுப்பினார்கள். எல்லோர் கண்ணெதிரிலும் வைத்தே ஒன்றை மறைக்கும் வித்தை அது. நம் பிள்ளைகளும் நம் கண்முன்னால் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இது அமெரிக்கக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் மானுடவியலாளர்கள் ஒன்பது பேர் உலகின் வெவ்வேறு ஊர்களில் 15 மாதம் தங்கி, மக்கள் சமூக ஊடகத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தார்கள். அவர்களில் ஒருவரான ஸ்ரீராம் வெங்கட்ராமன் தங்கியது சென்னையை ஒட்டி, ஐடி கம்பெனிகள் முளைத்த கிராமங்களில். ஊர்ப் பெயரை மறைத்து ‘பஞ்சகிராமி’ என்று பெயர் வைத்து 2017-இல் அவர் எழுதிய புத்தகத்தில் நம் வீடுகள் அப்படியே இருக்கின்றன. கல்யாணமாகாத பெண்ணின் கையில் ஃபோன் இருக்கலாமா கூடாதா என்று குடும்பம் முடிவு செய்வது, இருந்தால் கண்காணிப்பது, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று அஞ்சுவது. அந்தக் கண்காணிப்பின் பெரும் பாரம் மகள்மேல்தான். மகனின் ஃபோனை இரவில் எடுத்துப் பார்க்கும் வீடு நம்மில் எத்தனை? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்கு ஃபோன் ஃபிரிட்ஜ் மேல் போய்விட வேண்டும். அது நல்ல ஏற்பாடு, இன்றும் இருக்கிறது. ஒரு நாள் இரவு அவள் தூங்கியபின் அதை எடுத்தேன். பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். இன்ஸ்டாகிராமில் அவளுக்கு நான் அறியாத இன்னொரு கணக்கு இருந்தது. கை நடுங்கியது. எதையெல்லாமோ கற்பனை செய்துகொண்டு திறந்தேன். அதைப் பின்தொடர்ந்தவர்கள் மொத்தம் 11 பேர். எல்லோரும் அவள் வகுப்புப் பெண்கள். அங்கே பென்சிலால் வரைந்த ஒரு படம் இருந்தது. என் அப்பாவின் சாய்வு நாற்காலி. ஆள் இல்லை. கைப்பிடியில் அவருடைய கண்ணாடிக் கூடு மட்டும்.

அப்பா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒட்டுதலே இல்லை என்று நான் என் தங்கையிடம் அவள் காதுபடவே சொல்லியிருக்கிறேன். பரீட்சை நேரம், படி படி என்றும் விரட்டியிருக்கிறேன். அவள் அழுவதற்கு அந்த 11 பேர் உள்ள அறைக்குப் போயிருக்கிறாள். படத்தின் கீழே ஒரு தோழி எழுதியிருந்தாள்: “நாளைக்கு லஞ்ச்ல உன் பக்கத்துல உக்காந்துக்கறேன்டி.”

அதோடு ஃபோனை வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. மறுநாள் மனசு கேட்காமல், “தாத்தாவை நெனச்சு வருத்தப்படறியா கண்ணு?” என்று கேட்டுவிட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலையே அந்தக் கணக்கை அழித்துவிட்டாள். நாற்காலிப் படமும் போனது. அடுத்த மூன்று வாரம் எந்தக் கேள்விக்கும் “ம்” தான் பதில். அவள் துக்கத்தைத் தெரிந்துகொள்ளப் போய், துக்கப்பட அவளுக்கு இருந்த ஒரே இடத்தையும் நான் பறித்துவிட்டேன்.

“அப்படியானால் ஆபத்தே இல்லையா, சும்மா விட்டுவிடச் சொல்கிறாயா?” என்று நீங்கள் கேட்பீர்கள். ஆபத்து இருக்கிறது. ஆனால் எது ஆபத்து என்று தெரிந்து பேசுவோம். ஃபோன் பார்த்தாலே பிள்ளையின் மனம் கெட்டுவிடும் என்று நாம் பேசுவதற்கு ஆய்வுகளில் அவ்வளவு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆமி ஆர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற இருவர் 2019-இல் 3,55,358 இளையவர்களின் தகவல்களைப் பரிசோதித்தார்கள். ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் மனநலத்தில் உள்ள வேறுபாட்டில், டிஜிட்டல் கருவிகளால் விளக்க முடிந்தது அதிகபட்சம் 0.4 சதவீதம்தான். இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. ஜோனதன் ஹைட் 2024-இல் எழுதிய புத்தகத்தில், ஸ்மார்ட்ஃபோன்தான் ஒரு தலைமுறையையே பதற்றத்தில் தள்ளியது என்று வாதிடுகிறார். ஆஸ்திரேலியா 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2025 டிசம்பரில் தடையே கொண்டுவந்துவிட்டது. வாதம் தீரவில்லை. ஆராய்பவர்களே தயங்கித் தயங்கிச் சொல்வதை, நாம் சாப்பாட்டு மேசையில் தீர்ப்பாகச் சொல்லிப் பிள்ளையின் தலையில் கட்டுகிறோம்.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் சோனியா லிவிங்ஸ்டன் தலைமையில் 2010-இல் 25 ஐரோப்பிய நாடுகளில் 25,000-க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் தெரிந்தது இது: இணையத்தை அதிகம் பயன்படுத்தும் பிள்ளைக்குத் திறமையும் வாய்ப்பும் கூடுகின்றன, கூடவே இடர்களும் கூடுகின்றன. ஆனால் இடரைச் சந்தித்த பிள்ளைகள் எல்லோருக்கும் கேடு வந்துவிடவில்லை. கிணற்றடியில் வளரும் பிள்ளைக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பதா, கிணற்றை மூடுவதா என்ற கேள்விதான். இந்தக் கிணற்றை நம்மால் மூட முடியாது.

உண்மையான ஆபத்து வரும் நேரம் ஒன்று உண்டு. யாரோ ஒருவன் படத்தை வைத்து மிரட்டுகிறான், பணம் கேட்கிறான், வகுப்பில் ஒரு கூட்டம் சேர்ந்து ஒரு பிள்ளையைக் கேலி செய்து குரூப்பில் போடுகிறது. அந்த இரவில் பிள்ளை நம்மிடம் ஓடி வருமா? எல்லாமே இதில்தான் அடங்கியிருக்கிறது. பமேலா விஸ்னியெவ்ஸ்கியும் அவர் குழுவினரும் 68 பெற்றோர்–பிள்ளை ஜோடிகளை இரண்டு மாதம் தனித்தனியே குறிப்பெழுதச் சொல்லி, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். இணையத்தில் நடந்த சங்கடங்களைப் பிள்ளைகள் பெற்றோரிடம் அரிதாகவே சொன்னார்கள். அடுத்த ஆண்டு அதே ஆய்வாளரின் குழு, பெற்றோர் கண்காணிப்பு ஆப்கள் பற்றிப் பிள்ளைகளே எழுதிய 736 விமர்சனங்களைப் படித்துப் பார்த்தது. அவற்றில் 76 சதவீதம் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தவை. தங்களை நம்பவில்லை, மூச்சு முட்டுகிறது, அம்மா அப்பாவோடு இருந்த உறவே கெட்டுவிட்டது என்பதுதான் அவர்களின் முறையீடு. லேப்டாப்பில் மகளின் வாட்ஸ்அப்பை இணைத்து வைத்திருக்கும் அப்பாவிடம் கைகூப்பிக் கேட்கிறேன். அதில் நீங்கள் நூறு செய்தி படிக்கலாம். அவள் உங்களிடம் வந்து சொல்ல நினைத்திருந்த அந்த ஒன்று அதில் வராது.

ஏன் எந்நேரமும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்கிறோம். வேறு எங்கே போவார்கள்? பாய்ட் பேசிய பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொன்னது, நண்பர்களை நேரில் பார்க்கத்தான் ஆசை, அதற்கு நேரமும் இடமும் வீட்டு அனுமதியும் இல்லை என்பதுதான். நம் ஊரில் காலை ஆறு மணிக்கு ஒரு டியூஷன், பள்ளி விட்டதும் ஸ்பெஷல் கிளாஸ், இரவு இன்னொரு டியூஷன். அபார்ட்மென்ட் வாசலில் ‘இங்கே பந்து விளையாடக் கூடாது’ என்று போர்டு வைத்தவர்கள் நாம்தான். பெண் பிள்ளை தோழி வீட்டுக்குப் போகிறேன் என்றால் பத்துக் கேள்வி கேட்பதும் நாம்தான். எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு, பாக்கியிருந்த ஒரு ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் பிள்ளையைத் திட்டுகிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. 2023-இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, தாங்கள் பேச வரும்போது பெற்றோரின் கவனம் அவர்களுடைய ஃபோனில் இருக்கிறது என்று பதின்வயதினரில் 46 சதவீதம் பேர் சொன்னார்கள். அதை ஒப்புக்கொண்ட பெற்றோர் 31 சதவீதம்தான். நம் வீடுகளில் எண்ணினால் எத்தனை வரும் என்று எனக்குத் தெரியாது. மகள் பேச வரும்போது “சொல்லு, கேட்டுட்டுதான் இருக்கேன்” என்று ஃபோனைப் பார்த்தபடி நான் சொன்ன நாட்கள் எத்தனை என்பது தெரியும்.

ஆகவே, பெற்றோரே, ஐந்து காரியம் செய்வோம். பிள்ளையின் படமோ மார்க்கோ போடுவதற்கு முன் கேட்போம்; வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம். பழைய படங்களில் எதை எடுக்க வேண்டும் என்று கேட்டு, எடுத்துவிடுவோம். வேவு பார்ப்பதை நிறுத்துவோம். சின்னப் பிள்ளையாக இருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் சொல்லிவிட்டு, அருகில் உட்காரவைத்துப் பார்ப்போம். எந்தத் தப்பு நடந்திருந்தாலும் முதலில் திட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, அதைக் காப்போம். மிரட்டல் வந்தால் சைபர் குற்றங்களுக்கு 1930 என்ற எண்ணும், பிள்ளைகளுக்கு 1098 என்ற எண்ணும் இருப்பதைச் சேர்ந்து உட்கார்ந்து குறித்துவைப்போம். அந்த எண்ணை அழைக்கும் வேளை வந்தால், அவர்கள் முதலில் அழைக்கும் ஆள் நாமாக இருக்க வேண்டும்.

இதை எழுதி முடித்ததும் மகளிடம் கொடுத்தேன். பால்கனியில் உட்கார்ந்து முழுவதும் படித்தாள். பேனாவை எடுத்து இரண்டு இடங்களை அடித்தாள். ஏன் என்று கேட்காமல் அவற்றை எடுத்துவிட்டேன். “தாத்தா நாற்காலி?” என்றேன். “இருக்கட்டும்” என்றாள். “மார்க் இருக்கலாமா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்பக் கேட்டியே, போட்டுக்கோ” என்றாள்.